வாய்தா கேட்க நமக்கு வாயில்லையா?

என் தங்கச்சி மகள் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். போன சனிக்கிழமை தண்ணீர்க் குடத்தோடு வாசப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு நேர்காணல். சென்னைக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனி, தரம் பார்க்கிற பிரிவில் வேலை. வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். போவதா, நாளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதா?

தெருவே ஒரு பக்கம் நிற்கிறது. "கார் வெச்சாவது தூக்கினு போயிடு" என்கிறாள் தங்கச்சி. "நாள மாத்துன்னு கேட்டா, அவன் வேற ஆள எடுத்துக்குவான். நமக்கோசரம் காத்துனு இருப்பானா?" இது மச்சான். எங்கள் தெருவில் முதன்முதலில் படித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "நம்மள கூப்பிடறதே அபூர்வம். கூப்பிட்ட அன்னிக்கிப் போவாதவன் அப்பறம் அழக்கூடாது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டுப் போனார். நான் ஒருத்தன்தான் எதிர்ப்பக்கம். கேள் என்கிறேன். எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று தெருவில் பலருக்குத் தெரியாது. என் இடது கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1994, தை மாதம். நான் பி.ஏ. முடித்து, தட்டச்சில் தமிழ் ஹையரும் இங்கிலீஷ் லோயரும் பாஸ் பண்ணி, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டுக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். எங்கப்பா மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அதைக் கழிக்க வீட்டில் இரண்டு கத்தி போக வேண்டும். ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. பட்டம் வாங்கியவன் என்று கரும்புக்குத் தெரியாது. அப்போதுதான் கார்டு வந்தது. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தட்டச்சர் வேலை. இனச்சுழற்சியில் ஆதிதிராவிடருக்கு வந்த இடம். புதன்கிழமை நேர்காணல்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கத்தி கையில் விழுந்தது. கரும்பு வெட்டுகிறவனுக்கு வெட்டு எப்போதும் இடது கையில்தான். அந்தக் கையால் கரும்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடியோடு போடுவோம். பனியில் நனைந்த சோகை வழுக்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எலும்பு தெரிய வெட்டுப்பட்டன. ஏழு தையல். மேஸ்திரி நாற்பது ரூபாய் கொடுத்தார். கொடுத்ததை அப்பா கணக்கில் எழுதிக்கொண்டார்.

நான் அன்றைக்கே நினைத்தேன், கல்லூரிக்கு ஒரு கடுதாசி போடலாம் என்று. போடவில்லை. ஆயாதான் தடுத்தாள். "வரலன்னு எழுதிப்புடுவான் நைனா. போயி மூஞ்சியக் காட்டிட்டு வந்துடு." அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாற்று நடப் போகிற ஒரு நாள் உடம்பு முடியாமல் கிடந்தால் அடுத்த நாள் வேறு ஆளைக் கூப்பிடுவான் ஆண்டை. அவள் எழுபது வருசம் பார்த்த உலகத்தில் நாளை மாற்றிக் கேட்பது என்று ஒன்று கிடையாது.

போனேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் என்ன கட்டு என்றார்கள். சொன்னேன். "பி.ஏ. படிச்சிட்டுக் கரும்பு வெட்டப் போனியா?" என்று ஒருவர் சிரித்தார். "பழக்கம் விடுமா சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர். பிறகு தட்டச்சுப் பொறியைக் காட்டி ஒரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் அடிக்கச் சொன்னார்கள். அரசாங்கம் தேர்வு வைத்துக் கொடுத்த சான்றிதழ் இரண்டும் அவர்கள் மேசைமேலேயே இருந்தன. "கட்டு பிரிச்சதும் வந்து அடிச்சிக் காட்டறேன் சார்" என்று சொல்ல வாய் வரவில்லை. இடது கையில் பெருவிரலும் கடைசி இரண்டு விரலும்தான் மிச்சம். அரைப் பக்கம்கூட வரவில்லை. கட்டில் இருந்து கசிந்து எழுத்து விசையில் ரத்தம் ஒட்டியது. ப்யூனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார்கள். மிஷினைத்தான்.

தட்டச்சுத் திறன் போதாது, தகுதியான நபர் கிடைக்கவில்லை என்று எழுதி அந்த இடத்தைக் காலியாகவே போட்டுவிட்டார்கள். இந்த வாசகத்தை இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்படிக் காலியாகப் போட்டே குவிந்துபோன பின்னடைவுப் பணியிடங்களுக்காகத்தான் 2000இல் அரசியல் சட்டத்தையே 81ஆவது தடவையாகத் திருத்த வேண்டி வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் தலைமையாசிரியர் பக்கம்தான் இருந்திருப்பேன். இரண்டு மாதம் கழித்து, அதே கல்லூரியில் தண்ணீர் தூக்குகிற எங்கள் தெருக்காரர் ஒரு சேதி சொன்னார். அதே வாரத்தில் அங்கே இளநிலை உதவியாளர் வேலைக்கும் ஆள் எடுத்திருக்கிறார்கள், பொதுப் பிரிவில். வர வேண்டிய ஒரு பையனுக்கு அம்மை. அவன் அப்பா செயலாளர் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். வந்தான், எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மை போட்டவன் வீட்டில்தான் படுத்திருக்க வேண்டும். அவனுக்குச் செய்தது சரி. நான் சொல்வது, நாளை மாற்றித் தருகிற வழக்கம் அந்தக் கட்டடத்துக்குள் இருந்திருக்கிறது. அதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடவில்லை. போன் நம்பர் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிந்த கதவு அது. நாங்கள் எல்லாரும் அது சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

யார்தான் நாள் கேட்கவில்லை இந்த நாட்டில்? நான் வெட்டிய கரும்புக்கே வருவோம். ஆலையில் இருந்து வெட்டு உத்தரவு வரும். மகள் கல்யாணம், ஊர்த் திருவிழா, இன்னும் நாலு நாள் முற்றட்டும் என்று நிலத்துக்காரர் ஆலை ஆபீசில் போய் உட்கார்ந்து உத்தரவைத் தள்ளி வாங்கி வருவார். அந்த நாலு நாளும் எங்களுக்குக் கூலி இல்லை. கோர்ட்டில் பாருங்கள், வாய்தா என்ற சொல்லே அவர்களுக்காக உண்டானதுபோல இருக்கிறது. வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து மலைவாழ் மக்களை அடித்து, பெண்களைக் கெடுத்தார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பரில். 19 வருசம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்பு வருவதற்கு முன்பே செத்துப்போனார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆகிவிட்டது. 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தி, குற்றப்பத்திரிகை போட்ட இரண்டு மாதத்துக்குள் கூடுமானவரை வழக்கை முடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்தக் 'கூடுமானவரை'க்குள் எத்தனை வாய்தா அடங்கும் என்று நம் சனத்துக்குத் தெரியும்.

அடித்தவனுக்கு 19 வருசம் தரலாம். காலொடிந்த பெண் பத்து நாள் கேட்டால் அது திமிரா?

இனி நம் ஆட்களிடம் வருகிறேன், என் கோபத்தில் பாதி அங்கேதான். படித்து மேலே வந்த நம்மவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்து, காய்ச்சலோடு பரீட்சை எழுதினேன், அப்பா பிணத்தை வைத்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போனேன் என்று சொல்வார்கள். கூட்டம் கைதட்டும். பின்வரிசையில் இருக்கிற பையன் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்வான். காய்ச்சலோடு போய்ப் பரீட்சைக் கூடத்தில் மயங்கி விழுந்தவன் மேடைக்கு வருவதில்லை, அவன் செங்கல் சூளையில் இருக்கிறான். தாங்குவது நம் சனத்துக்குத் தலையெழுத்தாகச் சுமத்தப்பட்டது. அதையே தகுதி என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் சுமத்தியவனுக்கு வேலை மிச்சம்.

போனால் மட்டும் என்ன நடக்கிறது? ஐந்து நிமிடம் பார்த்து ஆளை எடை போடுகிற இடம் நேர்காணல். ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண் வைத்து, ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்ததை 1980இல் உச்ச நீதிமன்றமே கண்டித்து, நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது. எனக்குப் பிற்பாடு வேலை கிடைத்ததும் நேர்காணல் இல்லாத குரூப் 4 தேர்வில்தான். என் மூஞ்சியும் கையும் பார்க்காமல் விடைத்தாளை மட்டும் பார்த்தார்கள். முழு உடம்போடு போனாலே அந்த அறையில் நம் நிறத்தையும் பேச்சையும்தான் பார்க்கிறார்கள். கட்டோடு போனால் கட்டைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் பாப்பா என்னை மடக்கிவிட்டாள். "மாமா, உங்களுக்கு பென்ஷன் வருது. எனக்கு இது நாலாவது இன்டர்வியூ. அவங்க வேற ஆள எடுத்துட்டா நீங்க வேலை குடுப்பீங்களா?" பதில் இல்லை. அது தனியார் கம்பெனி. இட ஒதுக்கீடு அங்கே எட்டிப் பார்க்காது. 2016ஆம் வருச மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பிடிக்கலாம் என்றால், அது நீண்டகாலக் குறைபாட்டுக்கு. ஆறு வார மாவுக்கட்டு அதில் சேராது. அரசுத் தேர்வாணையங்களும் குறித்த நாளைப் பொதுவாக மாற்றித் தருவதில்லை. அங்கே கூப்பிட்டிருந்தால் நானே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். கேட்டால் கிடைத்தே தீரும் என்று அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. போனால் வேலை போகாது என்று தெரு சொல்கிறதே, அதுதான் பொய்.

அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. வியாழக்கிழமை நீ போய் உட்கார்ந்தாலும், எப்போது சேருவாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மூணு மாடி ஏறி வேர்த்து வலியோடு அதைச் சொல்வதைவிட, இன்றைக்கே காகிதத்தில் சொன்னால் என்ன? கட்டு பிரிக்கிற தேதி இது, சேர முடிகிற தேதி இது, உங்களுக்கு அவசரம் என்றால் வியாழக்கிழமை அதே நேரத்துக்கு வீடியோவில் பேசுகிறேன், இல்லையென்றால் வேறு நாள் கொடுங்கள். கெஞ்சாமல், கதை சொல்லாமல், ஆஸ்பத்திரி சீட்டின் படத்தோடு. நம் ஆட்கள் கட்டுப் போட்டுக்கொண்டு சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவார்கள், டாக்டர் கையெழுத்துக்கு நிற்கக் கூச்சம். இவளுடைய அப்பாவை ஞாயிற்றுக்கிழமை திரும்ப அனுப்பி வாங்கி வரச் சொன்னேன். மாற்ற முடியாது, அன்றைக்கே வா என்று பதில் வந்தால் போகட்டும். அப்போது லிஃப்ட் எந்தப் பக்கம், சக்கர நாற்காலி உண்டா என்று கேட்டுவிட்டுப் போவாள். கேட்டதும் பதிலும் எழுத்தில் இருக்கும். 1994இல் நான் ஒரு வரி எழுதிப் பதிவுத் தபாலில் போட்டிருந்தால், இடம் காலியாகப் போனபோது காட்டுவதற்கு என் கையில் ஒரு ரசீதாவது இருந்திருக்கும். ரத்தம் பட்ட தாள் அவர்களிடம்தான் இருந்தது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினாள். இங்கிலீஷ் அவளுடையது, நான் இரண்டு இடத்தில் 'தயவுசெய்து'களை மட்டும் அடிக்கச் சொன்னேன். எல்லாம் முடித்துக் கீழே முகவரி போடும்போது நிறுத்தினாள்.

"மாமா, காலனின்னு போடணுமா?"

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார், அரசு ஆவணங்களில் இருந்து காலனி என்ற சொல்லை எடுத்துவிடுவோம் என்று. இவள் ஆதார் அட்டையில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி சீட்டிலும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். போடு என்றேன். அவள் அம்மா வேண்டாம் என்றாள். அரை மணி நேரம் அதற்கு ஒரு சண்டை. கடைசியில் அவளே போட்டு, அவளே அனுப்பினாள். இதை எழுதுகிற செவ்வாய்க்கிழமை மதியம்வரை பதில் இல்லை. மச்சான் எதற்கும் இருக்கட்டும் என்று வியாழக்கிழமைக்குக் கார் சொல்லி வைத்திருக்கிறார்.