பாதை நம்முடையது, வருமானம் யாருடையது?

மலையகக் காடுகளை நம்பி ஒரு புதிய தொழில் வளர்ந்து வருகிறது. ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல ஊடாக நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் நீளமானது. 22 கட்டங்களைக் கொண்டது. காட்டோரத்தில் கூடாரம் அடிக்கிறார்கள். துரைமார் இருந்த பங்களாக்கள் பல ஹோட்டல்களாகிவிட்டன. 2024ஆம் ஆண்டில் மட்டும் 20 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர்கள் இந்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் மலைநாட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

இதை நாம் எதிர்க்கவில்லை. சிவனொளிபாதமலைக்கு ஆண்டுதோறும் மார்கழி முதல் வைகாசி வரை வரும் யாத்திரிகர்களால் நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கத்தில் எத்தனை குடும்பங்களில் அடுப்பு எரிகிறது என்பது நமக்குத் தெரியும். புதிய தொழில் வரட்டும். ஆனால் அதில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இன்று வெள்ளைக்காரர் நடந்து ரசிக்கும் இந்தப் பாதைகள் தேயிலையை ஏற்றி இறக்க வெட்டப்பட்டவை. வெட்டியவர்கள் நம் பாட்டன், பூட்டன்மார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கானைத் துப்புரவு செய்து, சரிந்த மண்ணை அள்ளி, அவற்றைப் பாதைகளாக வைத்திருப்பதும் நம் ஆட்களே. அப்படியிருந்தும் பாதையில் நடப்பவர் செலவழிக்கும் பணம் நம் லயத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கேட்காமலே படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் விளம்பரத்தில் வருகிறது. அக்காவுக்குக் கிடைப்பது அன்றைய பேர் மட்டுமே.

2021இல் 1,000 ரூபா, 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று ஒவ்வொரு ரூபாவுக்கும் நாம் போராட வேண்டியிருந்தது. தேயிலையில் இலாபமில்லை என்பதே அப்போதெல்லாம் நமக்குச் சொல்லப்பட்ட காரணம். அப்படியானால், அதே மலையில் சுற்றுலாவால் வரும் இலாபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

ஒன்றை மறக்கக் கூடாது. 1992இல் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது முகாமைத்துவமும் பின்னர் குத்தகையும்தான். காணி அரசாங்கத்துடையது. எனவே தேயிலைக் காணியிலும் அதை ஒட்டிய காட்டிலும் புதுத் தொழில் தொடங்க அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போட அரசாங்கத்துக்கு முழு உரிமை உண்டு. நாம் கேட்கும் நிபந்தனைகள் இவை.

முதலாவது, வேலை. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே முதலிடம் வேண்டும். அதுவும் சீசனுக்குக் கூப்பிட்டுப் பிறகு அனுப்பிவிடும் வேலையாக இருக்கக் கூடாது. நியமனக் கடிதம், ஈ.பி.எப்., ஈ.டி.எப். எல்லாம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. எந்த ஓடை எப்போது பெருகும், எந்தப் பாறை வழுக்கும், எந்த மரத்தில் எந்தக் குருவி வரும் என்று நம் பையன்களுக்குத் தெரியும். ஆனால் கையில் அனுமதிப்பத்திரம் இல்லாததால் கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டிக்குப் பின்னால் பை தூக்குகிறார்கள். வழிகாட்டிப் பயிற்சியை ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தமிழ் மொழியில் நடத்த வேண்டும். நம் பெண்பிள்ளைகளும் அதில் சேர வேண்டும்.

மூன்றாவது, காணி. வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று அறிவுரை சொல்கிறார்கள். பதிவு செய்யவும் வங்கியில் கடன் எடுக்கவும் போனால் வீட்டுக்கு உறுதி கேட்கிறார்கள். லயத்துக் காம்பிராவில் இருப்பவர் எந்த உறுதியைக் காட்டுவார்? காணி உறுதி இல்லாமல் இந்தத் தொழிலில் நாம் என்றைக்கும் கூலியாட்கள்தான். ஆகவே காணியுரிமைக் கோரிக்கை இதிலும் முன்னால் நிற்கிறது.

நான்காவது, பாதுகாப்பு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. சரிவில் மரத்தை வெட்டி, மண்ணைக் குடைந்து கட்டடம் எழுப்பினால் ஆபத்து கீழே இருக்கும் லயத்துக்கே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் காட்டிய பிறகே வேலை தொடங்க வேண்டும். நம் பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே கூடாரமோ மலசலகூடமோ வரவே கூடாது. காலங்காலமாக நடந்த குறுக்குப்பாதைகளுக்கும் கேற் போடக் கூடாது.

நிபந்தனை நமக்கும் உண்டு. சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டவை. பயணிகள் தேடி வருவது அந்தக் காட்டைத்தான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்கு வைக்கும் கண்ணிக்குச் சிறுத்தையும் தப்புவதில்லை. கண்ணி வைப்பதையும் வரட்சியில் மானாப் புல்லுக்கு நெருப்பு வைப்பதையும் நாம் நிறுத்த வேண்டும். அதேநேரம், கொழுந்து மலையில் சிறுத்தை பாய்ந்து காயப்படுபவர் நம் ஆட்களே. சிறுத்தையைக் காட்டிச் சம்பாதிக்கும் தொழில், அதனால் காயப்பட்டவரின் மருந்துச் செலவுக்கும் நாட் சம்பளத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே, அனுமதி கொடுக்கப்பட்ட பின் கோஷம் போடுவதில் பலன் குறைவு. உங்கள் தோட்டத்தில் நிலம் அளக்கிறார்களா, காட்டோரத்தில் பலகை நடுகிறார்களா என்று பாருங்கள். தோட்டக் கமிட்டியைக் கூட்டி, மாதர் சங்கத் தலைவியையும் இளைஞர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வழிகாட்டிப் பயிற்சிக்கு விருப்பமுள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பேச்சுவார்த்தை மேசையில் வெறும் வாயோடு உட்காராமல், அந்தப் பட்டியலோடு உட்காருவோம்.