அம்மாயிக்குத் தெரிந்தது அமெரிக்காவுக்குத் தெரியாதா?

காவிரிக் கரையில் இருக்கிறது குமாரபாளையம். பாலத்தைத் தாண்டினால் பவானி. இன்னும் கொஞ்ச தூரம் போனால் மஞ்சளுக்குப் பேர்போன ஈரோடு.

குமாரபாளையத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். லுங்கியும் துண்டும் நெய்கிற ஊர். அங்கே ஓடி விளையாடிய பையன் ஒருவன் விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய அம்மாயி என்ன செய்வாள்? மஞ்சளை இழைத்துப் பற்றுப் போடுவாள். (ஆழமான வெட்டு என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரியும்.)

இந்த வைத்தியத்தை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவளுடைய அம்மா. அந்த அம்மாவுக்கு? அவளுடைய அம்மா. கேட்டுக்கொண்டே போனால் முடிவே கிடையாது.

ஆனால் 1995-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. மஞ்சள் தூளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் "பேட்டண்ட்" உரிமை வாங்கிவிட்டது!

பேட்டண்ட் என்றால் என்ன? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சர்க்கார் தரும் தனி உரிமை. சில ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அவரைக் கேட்காமல் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது.

அதற்காக அமெரிக்கப் போலீஸ் குமாரபாளையத்துக்கு வந்து அம்மாயியைப் பிடித்துவிடாது. அந்த உரிமை அமெரிக்காவில்தான் செல்லும். ஆனால் நம் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதிக்கு, இன்னொருவர் சொந்தக்காரர் ஆகலாமா? இதுதான் கேள்வி.

காகிதம் எங்கே?

டெல்லியில் உள்ள விஞ்ஞான தொழில் ஆராய்ச்சி மன்றம் சும்மா இருக்கவில்லை. அப்போது அதன் தலைவர் டாக்டர் மஷேல்கர். இது புதுமை அல்ல, பேட்டண்டை ரத்து செய்யுங்கள் என்று 1996-ல் மன்றம் மனுப் போட்டது.

"எங்கள் நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் இதைச் செய்கிறார்கள்" என்று சொன்னால் போதாதா? போதாது! அன்றைய அமெரிக்கச் சட்டம் அப்படி. வெளிநாட்டில் ஒரு பழக்கம் எத்தனை நூறு ஆண்டுகளாக இருந்தாலும் கணக்கில் வராது. அது அச்சில் வந்திருக்க வேண்டும். அம்மாயி சாட்சிக் கூண்டில் ஏறினாலும் அவள் வாக்குச் செல்லாது. காகிதம் வேண்டும்.

மன்றம் தேடிப் பிடித்தது. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் உள்பட 32 ஆதாரங்கள். அவற்றில் ஒன்று, இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953-ல் வந்த கட்டுரை. 1997 ஆகஸ்டில் பேட்டண்ட் ரத்தானது.

வெற்றிதான். சந்தேகமில்லை. ஆனால் ஜெயித்தது யார்? காகிதம். அம்மாயியை யாரும் கேட்கவே இல்லை.

ஒருவர் அறிவா, ஊர் அறிவா?

அறிவு என்பது எங்கே பிறக்கிறது என்று அறிஞர்கள் பல காலமாக வாதாடி வருகிறார்கள். தனி ஒருவர் மூளையில் பளிச்சென்று பிறக்கிறது என்பது ஒரு கட்சி. போலந்து நாட்டு டாக்டர் லுட்விக் ஃப்ளெக் இதை ஒப்பவில்லை. 1935-ல் அவர் எழுதிய நூலில், பலர் கூடிப் பேசிப் பழகுவதில்தான் ஓர் உண்மை உருவாகிறது என்று வாதித்தார். பேச்சு கை மாறக் கை மாற, கருத்தும் மாறி வளர்கிறது என்றார்.

ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மைக்கேல் போலானி இன்னொரு விஷயத்தைச் சொன்னார். மனிதனுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் அவனால் சொல்லிவிட முடியாது என்பது அவர் கட்சி.

போலானி சொன்னது புரிய வேண்டுமானால் குமாரபாளையத்துத் தறிக்கூடத்துக்குப் போனால் போதும். நெசவுக்குப் பழகும் பையன் முதலில் தார் சுற்றுவான். பிறகு அறுந்த இழையை முடிவான். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் தறிக்கு வருவான். கை தேர்ந்த நெசவாளிக்குத் தறியின் சத்தம் மாறினாலே கோளாறு தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். "தெரியும்" என்பார். அவ்வளவுதான். இதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

எதிர்க் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஊரே நம்புவதால் ஒன்று உண்மையாகிவிடாது. காமாலைக்குச் சூடு போடுவதும் வழிவழியாக வந்ததுதான். அதை அறிவு என்று சொல்ல முடியுமா? சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சோதித்துப் பார்த்தவர் வேறு, கண்டுபிடித்தவர் வேறு. மஞ்சள் விவகாரத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

எழுதினால் லாபம் யாருக்கு?

மஞ்சள் வழக்குக்குப் பின் இந்திய சர்க்கார் ஒரு காரியம் செய்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ள முறைகளை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் பெயர்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியது. இந்த வேலை 2001-ல் ஆரம்பமானது. வெளிநாட்டு பேட்டண்ட் அதிகாரிகள் அதைப் புரட்டிப் பார்க்கலாம். 2022-ல், மற்றவர்களுக்கும் இதைத் திறந்துவிட மத்திய மந்திரிசபை முடிவு செய்தது.

அமெரிக்கச் சட்டமும் 2013 மார்ச்சில் மாறியது. வெளிநாட்டில் பலரறியப் புழங்கிய முறையும் இப்போது கணக்கில் சேரும்.

இனி கவலை இல்லை என்று நினைக்கலாம். இங்கேதான் சிக்கல்! காட்டு மூலிகையையும் அதைப் பற்றிய அறிவையும் வைத்துப் பணம் பண்ணுகிறவர்கள், அந்த ஊர் மக்களுக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் உண்டு. 2023-ல் அதைத் திருத்தினார்கள். நூலில் பதிவான பாரம்பரிய அறிவுக்கு இந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள்.

அதாவது, எழுதாவிட்டால் அயலூரான் சொந்தம் கொண்டாடலாம். எழுதிவிட்டாலோ, பங்கு கேட்க வழியில்லை. இது என்ன நியாயம் என்று அம்மாயி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

வேறொரு வழியும் இருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்கும், 2019-ல் ஈரோடு மஞ்சளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இது தனி ஆளுக்கு அல்ல, ஊருக்கே உரிய உரிமை. ஆனால் இது பெயரைத்தான் காக்கும். கைத்திறனைக் காக்காது. ஜமக்காளம் நெய்யத் தெரிந்தவர் தறியை விட்டு எழுந்துவிட்டால், குறியீடு மட்டும் ஊரில் இருக்கும்.

2024 மே மாதம் ஜெனிவாவில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. பாரம்பரிய அறிவின் துணையோடு பேட்டண்ட் கேட்பவர், அது எந்த மக்களிடமிருந்து வந்தது என்று மனுவில் சொல்ல வேண்டும் என்கிறது அது. 15 தரப்புகள் ஒப்புதல் தந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது விதி. பங்கு தர வேண்டும் என்று அதில் கட்டாயம் இல்லை. பெயரைச் சொன்னால் போதும்.