அது ஒருமுறைச் செலவுதானா?

எங்கட ஆட்கள் பலர் இப்போது வீட்டுக் கணக்கைப் போனில் எழுதுகிறார்கள். நல்ல விசயம், மாஷா அல்லாஹ். ஆனால் அந்தக் கணக்கே சில வீடுகளில் சண்டையையும் மூட்டிவிடுகிறது.

கணவர் கட்டாரில், மனைவி பிள்ளைகளோடு இங்கே என்று வையுங்கள். மாதச் செலவு 70,000 ரூபா. ஒரு மாதம் கூரை வேலைக்கு 1,80,000 போகிறது. அப் என்ன செய்யும்? மூன்று மாதத்தையும் கூட்டிச் சராசரி 1,30,000 என்று காட்டும். "மாசம் ஒண்டே கால் லட்சத்துக்கு மேல எங்க போகுது?" என்று அங்கிருந்து கேள்வி வரும். அடுத்த முறை பெரிய செலவு வந்தால் அவள் அதை எழுதவே மாட்டாள். காப்பு அடகுக் கடைக்குப் போகும், அவருக்குத் தெரியாது. அதன்பிறகு அந்தப் போனில் இருப்பதைக் கணக்கு என்று சொல்ல முடியாது.

இதில் அப்பின் பிழை பாதிதான். நாங்கள் "ஒருமுறைச் செலவு" என்று சொல்பவற்றில் முக்கால்வாசி வருடா வருடம் வருபவை. மோட்டார் சைக்கிள் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருட அனுமதிப்பத்திரம், மாரிக்கு முன் ஓடு மாற்றுவது, கிணற்று மோட்டர் திருத்தம், புது வகுப்புக்குக் கொப்பி சப்பாத்து, பெருநாள் உடுப்பு, உழ்ஹிய்யாப் பங்கு. இவையெல்லாம் திடீரென்று வந்தவையா? வருமென்று எங்களுக்கு முன்பே தெரியும். கடந்த 12 மாதத்தில் இவற்றுக்குப் போனதைக் கூட்டுங்கள். 1,20,000 என்றால் மாதம் 10,000. அப்பில் "வருடச் செலவு" என்று தனிக் கணக்கொன்றைத் திறந்து, மாதா மாதம் அந்தத் தொகையை அதற்கு மாற்றுங்கள். கவனம், அதைச் செலவாகப் பதியாமல் பணமாற்றமாகவே பதிய வேண்டும். செலவாகப் பதிந்தால், பிறகு உண்மையில் செலவழிக்கும்போது இரண்டு தரம் கணக்காகிவிடும்.

பெருநாள் பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பில் "வருடாந்தம்" என்று போட்டால் அது ஆங்கிலத் திகதியைப் பிடித்துக்கொள்ளும். பெருநாளோ ஒவ்வொரு வருடமும் 11 நாள் அளவில் முந்தி வரும். 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு நோன்புப் பெருநாள் வந்தது சிலருக்கு ஞாபகமிருக்கும். 2033இலும் அப்படித்தான் வர இருக்கிறது. ஆகவே பெருநாள் பணத்தை மட்டும் 12ஆல் பிரிக்காமல் 11ஆல் பிரித்து வையுங்கள்.

எங்களைப் போன்ற அரச ஊழியர்களுக்குப் பண்டிகை முற்பணம் இருக்கிறது. செலவழித்துவிட்டுப் பிறகு சம்பளத்தில் மாதா மாதம் கழிபட விடுகிறோம். அதே தவணையைப் பெருநாளுக்கு முன்பே எங்களுக்கு நாங்களே கட்டினால் என்ன குறையும்?

உண்மையான ஒருமுறைச் செலவுகளும் உண்டு. ஒரு சத்திர சிகிச்சை, முழுக் கூரையையும் புதிதாகப் போடுவது, ஹஜ் பயணம். (ஹஜ் வாழ்நாளில் ஒருமுறைதானே கடமை!) இவற்றை "வேறு" என்ற தலைப்புக்குள் தள்ளாதீர்கள், மூன்று மாதம் போனால் என்னவென்று உங்களுக்கே விளங்காது. "கூரை 2025" என்று பெயர் வைத்துத் தனித்தலைப்பில் போடுங்கள். மாதச் சராசரியில் சேர்க்காமல் விடும் வசதி அப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள், மொத்தத்திலிருந்து மட்டும் அழிக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு இரண்டு தொகையையும் பிரித்து அனுப்புங்கள்: வழமையான மாதம் இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு.

நகை அடகு வைத்த பணத்தைச் சிலர் வருமானத்தில் எழுதுகிறார்கள். வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். கணக்கைப் பொறுத்தவரை அது கடன். வருமானத்தில் போட்டால் அந்த மாதம் மிச்சம் இருப்பதுபோல் காட்டும், காப்போ கடையில் கிடக்கும்.

கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து, வெளிநாட்டில் என்றால் போனில் கதைத்தாவது, ஒரு வருடக் கணக்கைப் பாருங்கள். அப்பில் தனிக் கணக்குத் திறக்கத் தெரியாதவர்கள் மஃரிபுக்குப் பிறகு போனையும் கொண்டு வீட்டுக்கு வாருங்கள், பார்த்துச் செய்து தருகிறேன்.