மானும் மிளகாயும்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் முதுகலை மாணவர் ஒருவர், குதிரையைக் கண்டறியாத மெக்சிக்கர்கள் அதனை மான் என மயங்கினர், எசுப்பானியரைத் தெய்வம் என நம்பித் தோற்றனர் என்று கட்டுரை வாசித்தார். எவரும் மறுக்கவில்லை. அவையில் இருந்த நானும்தான். அந்தக் கூச்சமே இப்பதிவுக்குக் காரணம்.

நாவாட்டில் மொழியினர் தொடக்கத்தில் குதிரையை 'மசாட்டில்', அதாவது மான், என்றே குறித்தனர். ஆனால் அது மயக்கமா? அவர்களுடைய கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்த காய்க்கு நம் முன்னோர் மிளகின் பெயரை நீட்டி 'மிளகாய்' என்றனர். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர் தமிழர் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதியதில்லை. ஒரே மொழிச்செயல் ஓரிடத்தில் சொல்லாக்கமாகவும் மற்றோரிடத்தில் அறியாமையாகவும் எண்ணப்படுவது ஏன்?

ஜேம்ஸ் லாக்கார்ட் 1992இல் வெளியிட்ட நூலை மொழியியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். உயில்கள், நில ஆவணங்கள், நகரவைக் குறிப்புகள் முதலிய நாவாட்டில் எழுத்துகளிலிருந்து மொழிமாற்றத்தின் மூன்று படிநிலைகளை அவர் வகுத்தார். முதலில் கடன்சொற்கள் மிக அரிது. ஏறத்தாழ 1540களுக்குப் பின் பெயர்ச்சொற்கள் பெருகுகின்றன, குதிரையும் எசுப்பானியப் பெயர் பெறுகிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே வினைகளும் இடைச்சொற்களும் நுழைகின்றன. 1521இல் தெனோச்தித்லான் வீழ்ந்ததோடு அனைத்தும் முடிந்துவிட்டதாகக் கூறும் பாடநூலுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா?

தெய்வக் கதையும் இத்தகையதே. கோர்த்தேஸ் தம் மன்னருக்கு எழுதிய மடல்களில் கெட்சல்கோவாட்டல் என்ற பெயரே இல்லை. அக்கதை பின்வந்த பதிற்றாண்டுகளில் வளர்ந்தது.

ஆயினும் சுதேச மொழியில் இருப்பதனாலேயே ஒரு சான்று தூயதாகிவிடாது. இங்குதான் என் நண்பர் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. சகாகூன் என்னும் துறவியின் மேற்பார்வையில் உருவான ஃபுளோரன்ஸ் சுவடியின் 12ஆம் நூல் படையெடுப்பைக் கூறுகிறது. ஒரு பத்தியில் நாவாட்டில், மறுபத்தியில் அதனினும் சுருங்கிய எசுப்பானியம். நாவாட்டில் பகுதியை எழுதியோர் துறவிகளிடம் கற்ற நாவாக்கள். த்லதெலோல்கோ ஊர்ச் சார்பு அதில் வெளிப்படை. அண்டை நகரான தெனோச்தித்லானின் மன்னர் மொக்தேசுமா அங்கே அஞ்சி நடுங்குகிறார். த்லதெலோல்கோ வீரர்களோ இறுதிவரை போரிடுகின்றனர். ஊர்ப்பகையை ஒதுக்கிவிட்டு இந்நூலைச் 'சுதேசக் குரல்' என்று மேற்கோள் காட்டுவதும் சோம்பலே.

சுவடி முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 12ஆம் நூலின் இரு பத்திகளையும் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் துணையோடு வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்க விழைவோர் கீழே எழுதுக. கட்டுரை வாசித்த அம்மாணவரையும் அழைத்திருக்கிறேன்.