கடைக்கு வாரிசு இருக்கிறார், காகிதம் இருக்கிறதா?



மூட்டையில் கால் கிலோ எடை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவர்கள் நாம். கல்லாவை எண்ணி முடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை. ஆனால் நமக்குப் பின் இந்தக் கடை யாருக்கு, பாக்கியை யார் வசூலிப்பது, கடனை யார் கட்டுவது என்று எழுதி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? உயில் என்ற சொல்லை எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு?" என்கிறார்கள் வீட்டில். உயில் எழுதியதால் ஆயுள் குறைந்தவர் எவருமில்லை.

எழுதினால் வரி வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. எஸ்டேட் டியூட்டி என்ற வரி 1985-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. உயில் மூலமோ வாரிசுரிமையிலோ வரும் சொத்துக்கு வருமான வரி கிடையாது. அதன் பிறகு அதிலிருந்து கிடைக்கும் வாடகை, வட்டி, லாபத்துக்குத்தான் வரி. இறந்தவர் கடைசி நாள் வரை ஈட்டிய வருமானத்துக்கு வாரிசு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வருமான வரிப் பொறுப்பும் அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவோடு நின்றுவிடும். ஆகவே தொல்லை வரியினால் வருவதல்ல. காகிதம் இல்லாததால் வருவது.

நமது கடைகளில் பெரும்பாலானவை தனி உரிமையாளர் பேரில் நடப்பவை. உரிமையாளர் மறைந்தால், அவருடைய பான் எண்ணில் எடுத்த ஜி.எஸ்.டி. பதிவு மகன் பேருக்கு அப்படியே மாறாது. மகன் தன் பான் எண்ணில், உரிமையாளர் மரணம் என்ற காரணத்தைக் குறிப்பிட்டுப் புதுப் பதிவு எடுக்க வேண்டும். பழைய பதிவில் நிற்கும் இன்புட் வரவை ஐ.டி.சி.-02 படிவத்தின் மூலம் மாற்றிக்கொண்ட பிறகே பழைய பதிவை ரத்து செய்ய வேண்டும். கடையைத் தொடர்ந்து நடத்துகிறவர் அப்பாவின் ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் பொறுப்பாளி. உணவுப் பாதுகாப்பு உரிமம் குடும்பத்தாருக்காக மூன்று மாதம் வரை செல்லும். அதற்குள் விண்ணப்பித்தாக வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"பேங்கில் நாமினி போட்டாயிற்று, போதாதா?" என்பார்கள். போதாது. வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே. அது சேர வேண்டியது சட்டப்படியான வாரிசுகளுக்கு. கம்பெனிப் பங்குகளிலும் இதுவே நிலை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்தின்படி, பெற்றோர், மனைவி, மக்களை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது. இருந்தாலும் நாமினி போடாமல் விடக்கூடாது. 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்துக் குடும்பத்தில் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்து, மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் அனைவருக்கும் சம பங்காகப் போகும். தாயார், மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் என்றால் ஐந்து பங்கு. இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்து கடையை வளர்த்த மூத்த மகனுக்கும் சரக்கில், பாக்கியில், குடோனில் ஐந்தில் ஒன்றுதான். "மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. மூதாதையர் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மகள் கேட்பது நியாயம். உழைத்த மகன் கேட்பதும் நியாயம். இரண்டையும் நிறுத்துப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் கடையை உருவாக்கியவர்தான். அவர் வாய் திறக்காமல் போனால் வக்கீல்தான் நிறுப்பார். கடையை மகனுக்கும், அதற்கு ஈடாக மனையோ ரொக்கமோ மகளுக்கும், குடியிருக்கும் வீட்டை மனைவிக்கும் என்று உயிரோடு இருக்கும்போதே எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டு எழுதுவதே முறை.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். நம் கையெழுத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகள் நம் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாமலிருப்பது நல்லது. சாட்சிகள் நம்மைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது பிற்காலச் சந்தேகத்தைக் குறைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி உயிலே செல்லும். முஸ்லிம் அன்பர்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்பதைக் கவனிக்கவும்.

உயில் வேண்டாம், இப்போதே பிள்ளைகள் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். எழுதிய நாளிலேயே சொத்து கைமாறிவிடும். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டால்தான், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அதை ரத்து செய்யக் கேட்கும் வழி பலமாக இருக்கும்.

கூட்டு வியாபாரம் செய்வோருக்கு ஒரு வார்த்தை. பங்குதாரர் ஒருவர் இறந்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் கலைந்துவிடும். பழைய பத்திரத்தை எடுத்து அந்த ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இறுதியாக, மொத்த வியாபாரிகள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சில்லறைக் கடைக்காரர் திடீரென்று மறைந்தால், அவர் வீட்டாருக்கு எங்களுக்குத் தர வேண்டியதும் தெரிவதில்லை, ஊரார் அவருக்குத் தர வேண்டியதும் தெரிவதில்லை. துண்டுச் சீட்டிலும் மனசிலும் இருக்கும் கணக்கு அவரோடு போய்விடுகிறது. பாக்கிப் பட்டியல், கைமாற்று, சீட்டு, கடை அட்வான்ஸ், பாலிசி எண், லாக்கர் சாவி இவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு இருக்குமிடத்தை மனைவியிடம் சொல்லி வையுங்கள்.

நமது சங்கம் ஒரு வக்கீலையும் ஒரு ஆடிட்டரையும் அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்தினால் பலருக்கும் உதவும். நிர்வாகிகள் ஆவன செய்ய வேண்டும். அடுத்த புதுக்கணக்கு போடுமுன் இந்தக் கணக்கையும் முடித்து வைப்போம்.