தோட்டத்து அம்மாக்களின் மறதி: முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பந்திங், கேரித் தீவு, தெலுக் பங்லிமா காராங் வட்டாரங்களில் இன்று 65 வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்களில் பலர், விடியும் முன்பே பிரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் படித்ததோடு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. இப்போது அவர்கள் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறந்தாலும், பேசிய பேச்சையே மறுபடி பேசினாலும், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பதில் போதுமா என்பதே கேள்வி. 2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனும் முதுமை மறதி நோய்க்கான அறிகுறி இருந்தது. அதாவது ஏறக்குறைய 12 பேரில் ஒருவர். பெண்கள், பள்ளிக்கூடமே போகாதவர்கள், புறநகர்ப் பகுதிகளில் வாழ்பவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நம் சமூகத்தில் அபூர்வமல்ல.

15 புள்ளிக் கணக்கு

நோய் வருவதற்கு முன்பே அபாயத்தைக் கணிக்க உலகில் பல முறைகள் உள்ளன. அவற்றில் பரவலாக அறியப்பட்டது, 2006இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட 'கெய்ட்' புள்ளி முறை. நடுத்தர வயதில் ஒருவரின் நிலையைப் பார்த்து, அடுத்த 20 ஆண்டுகளில் மறதி நோய் வரும் வாய்ப்பை அது சொல்கிறது. மொத்தம் 15 புள்ளிகள். வயது 53ஐத் தாண்டினால் 4, பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டு அல்லது அதற்கும் குறைவென்றால் 3, மேல் இரத்த அழுத்தம் 140ஐத் தாண்டினால் 2, உடல் பருமனுக்கு 2, கொழுப்புச் சத்து 6.5ஐத் தாண்டினால் 2, உடற்பயிற்சி இல்லையென்றால் 1. ஆணாக இருந்தால் இன்னொரு புள்ளி.

இதைத் தோட்டத்துப் பெண் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். வயதுக்கு 4, படிப்புக்கு 3. ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் முன்பே அவர் கணக்கில் 7 புள்ளிகள் ஏறிவிடுகின்றன. இந்த ஏழில் ஒன்றைக்கூட அவரால் மாற்ற முடியாது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டது அவர் தேர்ந்தெடுத்ததும் அல்ல. ஆனால் மீதமுள்ள நான்கு அம்சங்களும் சேர்ந்தால் இன்னொரு 7 புள்ளி வரும். அவை மாற்றக்கூடியவை.

அந்த ஆய்வில் 6, 7 புள்ளி பெற்றவர்களில் 1.9 விழுக்காட்டினருக்குத்தான் 20 ஆண்டுகளில் நோய் வந்தது. 12 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவர்களிடம் அது 16.4 விழுக்காடு. இதில் இரண்டு செய்திகள் உள்ளன. படிக்காதது மட்டுமே ஒருவரை நோயாளி ஆக்கிவிடாது. அதிகப் புள்ளி பெற்றவர்களிலும் 100க்கு 83 பேருக்கு மேல் அந்தக் காலத்தில் நோய் வரவில்லை. ஆகவே கணிப்பு என்பது தீர்ப்பு அல்ல.

கணக்கில் விடுபட்டது

பின்லாந்துக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அதில் இனிப்பு நீர் இல்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனத்தவரிலும் அதுவே அதிகம். நாட்டின் மொத்த விகிதம் 18.3 விழுக்காடுதான். நீரிழிவு மூளையின் சிறு இரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது என்பதால், நம் சமூகத்துக்கான எந்தக் கணிப்பும் அதை விட்டுவிட முடியாது.

லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 விழுக்காடு வரையிலான டிமென்ஷியாவைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது அது. நீரிழிவு, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றோடு காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவையும் பட்டியலில் உண்டு. 2018இல் ஜெஞ்சாரோமில் சட்டவிரோத ஆலைகள் பிளாஸ்டிக் கழிவை எரித்த புகையில் அவதிப்பட்ட கோல லங்காட் மக்களுக்குக் காற்று மாசு புதிய செய்தியல்ல. லயத்தில் பத்து வீட்டாரோடு பேசிப் பழகியவர், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் பகலெல்லாம் தனியாக இருப்பதும் அபாயமே.

பரிசோதனைக்கு முன்

இரத்தப் பரிசோதனையே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2025 மே மாதம் அமெரிக்கா அல்சைமர் நோய்க்கான முதல் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே அறிகுறி உள்ள, 55 வயதைத் தாண்டியவர்களுக்கு. நன்றாக இருப்பவரின் எதிர்காலத்தைச் சொல்வதற்கு அல்ல.

மறதி இருக்கிறதா என்று பார்க்க, பத்தே கேள்விகள் கொண்ட ஒரு வாய்மொழிச் சோதனை நம் நாட்டில் பயன்பாட்டில் உள்ளது. 1992இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் உருவாக்கியது அது. இன்று என்ன கிழமை, என்ன தேதி, எந்த ஆண்டில் பிறந்தீர்கள் என்பன போன்ற கேள்விகள். ஏழும் அதற்கு மேலும் சரியாகச் சொன்னால் கவலையில்லை. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் ஒரு பிறந்த தேதி, வீட்டார் சொல்லும் தேதி வேறு என்ற நிலை பழைய தலைமுறையில் உண்டு. கேள்வி மலாயில் கேட்கப்பட்டால், விடை தெரிந்தும் அம்மா மௌனமாக இருக்கலாம். உடன் போகும் பிள்ளைகள் இவற்றைத் தாதியிடம் முன்பே சொல்ல வேண்டும். கேள்வியை மொழிபெயர்க்கலாம், பதிலை எடுத்துக் கொடுக்கக்கூடாது. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை என்பதால்தான் தாமதிக்கக்கூடாது.

வயதான பின் என்ன செய்து என்ன பயன் என்று விட்டுவிடவும் தேவையில்லை. பின்லாந்தின் 'ஃபிங்கர்' ஆய்வில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேர் பங்கேற்றனர். கெய்ட் கணக்கில் 6 புள்ளிக்குக் குறையாதவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் ஒருசேரக் கடைப்பிடித்தவர்கள், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடச் சிந்தனைத் திறன் தேர்வுகளில் முன்னேறியிருந்ததாக 2015இல் முடிவு வெளியானது.

ஆனாலும் இந்தக் கணக்கு அதிகம் பயன்படுவது அம்மாவுக்கு அல்ல, மகளுக்கு. எஸ்.பி.எம். முடித்த 45 வயது மகளுக்கு வயதுக்கும் படிப்புக்கும் பூஜ்யம். இனி ஏறக்கூடியவை வயதுக்கான புள்ளியும், இரத்த அழுத்தம், எடை, கொழுப்பு, உடற்பயிற்சியின்மை ஆகியவற்றுக்கான புள்ளிகளும்தான். ரஹ்மா ரொக்க உதவி பெறுவோரும் அவர்தம் துணைவரும் 40 வயதானால், 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளில் மகளும் தன் கையை நீட்டி இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.