டி.சி. கொடுத்தால் போதை போய்விடுமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் சிக்கினால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்குத் தகவல் போகும். தலைமையாசிரியர் அறை வாசலில் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்குவார்கள். மறுபடியும் சிக்கினால், “நீங்களே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், நாங்கள் எழுதினால் பையனின் எதிர்காலம் கெட்டுவிடும்” என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. பள்ளியின் பெயர் தப்பிக்கும். தேர்ச்சி விகிதமும் தப்பிக்கும். அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பதற்கு ஆளில்லை.

இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தாக வேண்டும். போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி எந்த மாணவரையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தமிழக அரசு வெளிப்படையாக ஆணையிட வேண்டும். முதல் முறை சிக்கும்போதே மனநல மதிப்பீட்டுக்கு அனுப்புவதைப் பள்ளிகளின் கடமையாக்க வேண்டும்.

பையில் பொட்டலம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அறிகுறிகள் தென்படத் தொடங்கிவிடுகின்றன. இரண்டாம் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிப்பது, எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது, தன் முறை வரும்வரை பொறுக்க முடியாதது. இவை நீடித்து, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் பாதிக்கும்போது மருத்துவர்கள் அதை ஏடிஎச்டி என்கிறார்கள். பொய், திருட்டு, அடிதடி, வகுப்பைக் கட் அடிப்பது என்று அடுத்தவர் உரிமையை மீறும் போக்கு தொடர்ந்தால் அது நடத்தைக் கோளாறு. இத்தகைய பிள்ளைகள் வளரும்போது போதைப் பழக்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல நாடுகளில் பல ஆண்டுகள் நடந்த தொடர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடத்தைக் கோளாறும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடுகிறது. ஏடிஎச்டிக்கு மருந்து கொடுத்தால் அதுவே போதையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் கூடியதாக ஆய்வுகள் சொல்லவில்லை.

நம் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கடைசி பெஞ்சும் ‘அடங்காப்பிடாரி’ என்ற பட்டமும்தான். சத்தம் போடாமல் உள்ளுக்குள் ஒடுங்கிப்போகும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கண்ணில்கூடப் படுவதில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர். அந்த மூவர் யார் என்று கண்டறிய ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. கண்டறிந்தாலும் யாரிடம் அனுப்புவது என்ற வழி இல்லை.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் காவல் துறை அடுத்தடுத்துச் சோதனைகள் நடத்தியது. 2022 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி ஏற்றார்கள். ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று பேரணியும் மனிதச் சங்கிலியும் நடக்கின்றன. கடத்தல்காரர்களைப் பிடிப்பது அவசியமான வேலை. அது தொடர வேண்டும். ஆனால், பிள்ளைகள் நாடும் போதை எல்லைச் சோதனைச் சாவடியில் பிடிபடும் சரக்காகவே இருப்பதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை வகை, மூக்கால் உறிஞ்சும் பொருள்கள். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயது வரையிலானவர்களில் 1.17 சதவீதம். இந்தப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படும் பிள்ளைகள் நாடு முழுவதும் 4.6 லட்சம் பேர் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் பெயிண்ட் தின்னரும் தெருக்கடையில் கிடைப்பவை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களுக்கு அது மருந்துக் கடை வழியாகவே வந்து சேர்கிறது. எந்த வேட்டையாலும் இவை எல்லாவற்றையும் அள்ளிவிட முடியாது.

உறுதிமொழிகளும் மேடைப் பேச்சுகளும் பலன் தருவதில்லை என்பதும் உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையைப் போதிக்கும் ‘டேர்’ திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவியது. பழைய வடிவத்தில் அந்தத் திட்டத்தால் நீடித்த பயன் இல்லை என்று ஆய்வுக்குப் பின் ஆய்வாக முடிவு வந்தது. பயமுறுத்தும் படங்கள், ஒருவழி உரை, மீண்டவர்களின் சாட்சியப் பேச்சு ஆகியவற்றைப் பயனற்றவை அல்லது தீங்கு விளைவிக்கக்கூடியவை என்ற வரிசையில்தான் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகத்தின் 2013 வழிகாட்டி நெறிகள் வைத்திருக்கின்றன. நம் பள்ளிகளின் ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ அநேகமாக இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

பலன் தந்தது எது? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980களின் நடுவில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் எளிய முறை சோதிக்கப்பட்டது. ஆசிரியர் வகுப்பை அணிகளாகப் பிரிப்பார். வகுப்பு விதிகளைக் கடைப்பிடிக்கும் அணிக்குப் பாராட்டும் சிறு பரிசும். முரட்டுப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்காமல் எல்லா அணிகளிலும் கலந்துவிடுவார். போதையைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது. அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயதை எட்டியபோது ஆய்வாளர்கள் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். சிறு வயதில் அதிக முரட்டுத்தனம் காட்டிய ஆண் பிள்ளைகளிடம்தான் போதைப் பழக்கம் கணிசமாகக் குறைந்திருந்தது. எவரைத் தடுத்து நிறுத்துவது கடினம் என்று நாம் கைவிடுகிறோமோ அவர்களுக்கே பலன் அதிகம்.

“ஒருவனைக் காப்பாற்றப் போய் நாற்பது பேரைக் கெடுத்துக்கொள்வதா?” என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த வயதில் கூட்டாளிகளின் தாக்கம் பெரிது. ஆசிரியரை மிரட்டும் மாணவரை வைத்துக்கொண்டு பாடம் நடத்தவும் முடியாது. விற்பவனையும் வன்முறையில் இறங்குபவனையும் பயன்படுத்துபவனோடு ஒன்றாகப் பார்க்கச் சொல்லவில்லை. தேவைப்பட்டால் சில நாள்கள் வகுப்பிலிருந்து விலக்கி வைக்கலாம். சிகிச்சைக்குப் போவதை நிபந்தனையாக்கலாம். ஆனால், டி.சி. வாங்கிப் போகும் பையன் அதே ஊரில்தான் இருக்கிறான். பகல் முழுவதும் வேலையில்லாத, வயதில் மூத்த கூட்டாளிகளோடு இருக்கிறான். நேற்றுவரை வகுப்புத் தோழனாக இருந்தவன் நாளை அதே பள்ளி வாசலில் பொட்டலம் கைமாற்றும் ஆளாகிறான். வெளியேற்றுவதால் நாற்பது பேருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

பிள்ளையை மறுவாழ்வு மையத்தில் அடைத்துவிடுவதும் தீர்வாகாது. நீண்ட காலம் குடித்தவர்களோடு பதினைந்து வயதுப் பையனை ஒரே கூடத்தில் தங்க வைப்பது அவனுக்குப் புதிய பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு. உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைச் சிக்கல்களையும் மனநோய் என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது.

சட்டங்கள் பெரும்பாலும் பிள்ளையின் பக்கம்தான் நிற்கின்றன. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஆபத்து கூடும் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு அற்றுப்போகிறது. மாநில அரசு ஆணை நிரப்ப வேண்டிய இடைவெளி இதுதான். போதைக்கு இழுக்கப்படும் அபாயத்தில் இருக்கும் பிள்ளையைக் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே 2015 இளைஞர் நீதிச் சட்டம் கருதுகிறது. அதே சட்டத்தின் 77ஆம் பிரிவு, பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. பள்ளிக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்றால் 2003 புகையிலைச் சட்டப்படி அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரூபாய். கடைக்காரர் பயப்படுவது எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. சிறாருக்கு விற்றதாகத் தெரிந்தால் 77ஆம் பிரிவில்தான் வழக்குப் பதிவாக வேண்டும்.

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. அரசுப் பள்ளிகளில் இதை நிறைவேற்றத் தமிழக அரசு காலக்கெடு அறிவிக்க வேண்டும். அந்தப் பணியிடம் நிரந்தரமானதாக இருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிடக் கூடாது. மாணவர் ஆலோசகரிடம் பேசியது ஆசிரியர் அறையில் வம்பாக மாறினால் அடுத்த மாணவர் வாயே திறக்க மாட்டார் என்பதால் ரகசியக் காப்பு விதிகளும் வேண்டும். ‘கலங்கரை’ என்ற பெயரில் 2025இல் தொடங்கப்பட்ட 25 போதை மீட்பு மையங்களில் சிறாருக்கெனத் தனி நேரமும் தனி இடமும் ஒதுக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பறை நடத்தையைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். போதைத் தடுப்பு தொடங்க வேண்டிய இடம் முதல் வகுப்பு.

இவ்வளவும் பேசிவிட்டு டாஸ்மாக்கைப் பேசாமல் விட முடியாது. 2003 முதல் மது சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, அதன்மூலம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டுகிறது. தந்தை தினமும் குடித்துவிட்டு வரும் வீட்டில் பிள்ளை உறங்குவதும் படிப்பதும் எப்படி என்பதை எந்த ஆலோசகரும் மாற்றிவிட முடியாது. குறைந்தபட்சம், பள்ளி ஆலோசகர் பணியிடங்களுக்கான செலவையாவது அந்த வருவாயிலிருந்து ஒதுக்கட்டும்.

ஒவ்வொரு ஆண்டும் எத்தனை கிலோ கஞ்சா பிடிபட்டது, எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன என்ற புள்ளிவிவரத்தை அரசு பெருமையோடு வெளியிடுகிறது. போதையில் சிக்கிய மாணவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் பள்ளியில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் சட்டப்பேரவையில் வைக்கட்டும். போதைக்கு எதிரான போரில் வென்றோமா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.